கரைசல் கெட்டால் விடையும் கெடும்

உயிரியல் செய்முறைத் தேர்வில் ஒரு மாணவியின் முன்னால் இரண்டு சோதனைக் குழாய்கள். இரண்டிலும் ஸ்டார்ச் கரைசல். ஒன்றில் உமிழ்நீரை அப்படியே சேர்த்திருக்கிறாள். மற்றதில் கொதிக்கவைத்து ஆறவைத்த உமிழ்நீரைச் சேர்த்திருக்கிறாள். சற்று நேரம் கழித்து இரண்டிலும் அயோடினைச் சொட்டுகிறாள். முதல் குழாயில் கருநீலம் வரக் கூடாது, ஏனென்றால் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் ஸ்டார்ச்சைச் சிதைத்திருக்கும். இரண்டாவதில் கருநீலம் வந்தாக வேண்டும், ஏனென்றால் கொதித்தபோதே அந்த நொதி செயலிழந்துவிட்டது. ஆனால் இரண்டு குழாய்களுமே வெளிறிக் கிடக்கின்றன. தவறு அவளுடையது அல்ல. போன வருடம் கலக்கி, வெயில் படும் ஜன்னலோரம் வைத்த புட்டியில் அயோடின் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

அவள் என்ன எழுதுவாள்? பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டில் இருப்பதைத்தான் எழுதுவாள். முதல் குழாயில் நிறமில்லை, இரண்டாவதில் கருநீலம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். கூடவே ஒரு பாடமும் கிடைத்திருக்கும்: கண்ணால் கண்டதை எழுதுவதைவிட நோட்டில் இருப்பதை எழுதுவது பத்திரம். அறிவியல் வகுப்பு சொல்லித்தர வேண்டியதற்கு நேர் எதிரான பாடம் இது. அதை யாரும் வேண்டுமென்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு புட்டிக் கரைசல் சொல்லிக்கொடுத்துவிட்டது.

மேல்நிலைத் தேர்வில் உயிரியலுக்கு எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்; மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் உரியவை. பொதுத்தேர்வுக்கு முன்பாக, வழக்கமாக பிப்ரவரியில், செய்முறைத் தேர்வு நடக்கும். அந்த நாட்களில் உத்திரமேரூர் வட்டாரப் பள்ளிகளில் “லேப் ரெடியா?” என்ற கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கும். மேசை துடைத்தாயிற்று, புட்டிகள் வரிசையில் இருக்கின்றன, பெயர்ச்சீட்டு ஒட்டியாயிற்று என்பதைத்தான் பலரும் இதற்குப் பதிலாக எதிர்பார்க்கிறார்கள். அது அடுக்கி வைப்பது. ஆயத்தம் வேறு. ஒவ்வொரு புட்டியும் தன் சீட்டில் உள்ளபடி வேலை செய்கிறதா என்று தெரிந்துவைத்திருப்பதுதான் ஆயத்தம். இந்த வேறுபாடு தலைமை ஆசிரியர், பாட ஆசிரியர், ஆய்வக உதவியாளர், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஆகிய நால்வருக்கும் ஒரேபோலத் தெளிவாக இருக்க வேண்டும்.

முதலில் கணக்கு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ரசாயனப் பொருளுக்கும் கண்ணாடிச் சாமானுக்கும் சென்னை பாரிமுனைவரை போக வேண்டியும் வரும். தேர்வன்று காலை ஒரு பொருள் தீர்ந்துபோனால் ஓடிப்போய் வாங்கிவர முடியாது. அதனால் ஒரு மாதம் முன்பே கணக்குப் போட்டாக வேண்டும்.

கணக்கு எளியதுதான். ஒரு அணியில் 25 பேர் என்று வைத்துக்கொள்வோம். குளுக்கோஸ் சோதனைக்கு ஒவ்வொருவரும் இரண்டு குழாய்களில் 5 மி.லி. வீதம் பெனடிக்ட் கரைசல் எடுத்தால் 250 மி.லி. ஆகும். சிந்துவது, திரும்பச் செய்வது, முன்கூட்டிச் சரிபார்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 300 மி.லி. தயாரிக்கலாம். ஒரு லிட்டருக்கு சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம், காப்பர் சல்பேட் படிகம் 17.3 கிராம் என்பது பெனடிக்ட் கரைசலின் வழக்கமான அளவு. எனவே 300 மி.லி.க்கு முறையே 51.9, 30, 5.2 கிராம் எடுத்தால் போதும். இப்படி ஒவ்வொரு கரைசலுக்கும் ஒரு வரி எழுதினால், வாங்க வேண்டியவற்றின் பட்டியல் தானாக வந்துவிடும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. “சோடியம் கார்பனேட்” என்று எழுதிய இரண்டு புட்டிகள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று நீரற்ற தூள். மற்றது சலவைச் சோடா, அதாவது படிகத்துக்குள்ளேயே பத்து மூலக்கூறு நீரைச் சேர்த்துவைத்திருக்கும் வடிவம். முதலாவதில் 100 கிராம் தரும் வேலைக்கு இரண்டாவதில் சுமார் 270 கிராம் வேண்டும். மயில்துத்தம் என்று நாம் சொல்லும் நீலக் காப்பர் சல்பேட்டும் நீர் சேர்ந்த படிகம்தான், 17.3 கிராம் என்ற அளவு அதற்கே உரியது. எடை போடுவதற்குமுன் புட்டிச் சீட்டில் இருக்கும் மூலக்கூறு வாய்பாட்டைக் கடைசிப் புள்ளிவரை படிக்க வேண்டும்.

வரிசை ஏன் முக்கியம்

அளவு சரியாக இருந்தும் கரைசல் கெட்டுப்போவதுண்டு. சேர்த்த வரிசை தவறியிருக்கும்.

பெனடிக்டையே எடுத்துக்கொள்வோம். மூன்று பொருளையும் ஒரே பீக்கரில் கொட்டிக் கலக்கினால் தாமிரம் கார்பனேட்டோடு சேர்ந்து நீலப்பச்சை வண்டலாக இறங்கப் பார்க்கும். அதைத் தடுப்பது சிட்ரேட். தாமிர அயனியைப் பற்றிக்கொண்டு, காரக் கரைசலிலும் அது கரைந்தே இருக்கும்படி செய்கிறது. ஆகவே சிட்ரேட்டையும் கார்பனேட்டையும் வெந்நீரில் முழுக்கக் கரைத்து, தேவைப்பட்டால் வடிகட்டி, ஆறவிட வேண்டும். காப்பர் சல்பேட்டைத் தனியே கொஞ்சம் நீரில் கரைத்து, அதை முதல் கரைசலில் மெல்ல மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். கடைசியாகத்தான் நீர் விட்டு மொத்த அளவைச் சரிசெய்ய வேண்டும். இதே சோதனைக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த ஃபெலிங் கரைசலை இரண்டு புட்டிகளில் வைத்திருந்து, சோதிக்கும் நேரத்தில்தான் கலக்க முடியும். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கரைசல் ஒரே புட்டியில் நெடுநாள் தாங்குகிறது. ஒழுங்காகச் செய்தால் இதை வாரக்கணக்கில் முன்பே செய்து வைக்கலாம்.

அயோடினிலும் வரிசைதான் முக்கியம். அயோடின் துகள்கள் வெறும் நீரில் மிகக் கொஞ்சமே கரையும். முதலில் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சிறிதளவு நீரில் கரைத்து, அந்த அடர்ந்த கரைசலில் 1 கிராம் அயோடினைப் போட்டுக் கரைக்க வேண்டும். அது முழுதும் கரைந்த பிறகே நீர் விட்டு 300 மி.லி. ஆக்க வேண்டும். முதலிலேயே 300 மி.லி. நீரை ஊற்றிவிட்டால் அயோடின் அடியிலேயே தங்கிவிடும். மேலே இருக்கும் பழுப்பைப் பார்த்துக் கரைந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். இந்தக் கரைசலைப் பழுப்பு நிறப் புட்டியில், மூடி இறுக்கி, நிழலில் வைக்க வேண்டும். அயோடின் ஆவியாகிப் போகக்கூடியது. வெளிச்சமும் அதற்கு ஆகாது.

பையூரெட் சோதனையில் வரிசையோடு சொட்டுகளின் எண்ணிக்கையும் கணக்கு. புரதக் கரைசலில் முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு. அதன்பின் மிக நீர்த்த காப்பர் சல்பேட் சில சொட்டுகள் மட்டும். காப்பர் சல்பேட் அதிகமானால் அதன் நீலமே மேலோங்கி, வர வேண்டிய ஊதா நிறத்தை மறைத்துவிடும். எனவே இந்தச் சோதனைக்கு வைக்கும் காப்பர் சல்பேட் 1 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி மூடியிட்ட புட்டியில் வைத்தால் மூடி ஒட்டிக்கொண்டு திறக்க வராது. பிளாஸ்டிக் புட்டியே ஏற்றது.

ஸ்டார்ச் கரைசலை அன்றன்று காலையில் செய்ய வேண்டும். 1 கிராம் தூளை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் குழைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறி, 100 மி.லி. ஆக்கலாம். தூளை நேராகக் கொதிநீரில் போட்டால் கட்டி தட்டிவிடும் என்பது கஞ்சி காய்ச்சத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். உமிழ்நீர் அமைலேஸ் நன்றாக வேலை செய்யக் குளோரைடு அயனி வேண்டும். ஒரு சிட்டிகை சாதாரண உப்பு அதைத் தந்துவிடும். முந்தின நாள் செய்த ஸ்டார்ச்சில் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கியிருக்கும். மாணவியின் உமிழ்நீர் செய்ய வேண்டியதை அவை பாதி முடித்துவைத்திருக்கும்.

விழுக்காடு என்றால் எத்தனை

ஆய்வகத்தில் அதிகம் குழப்புவது விழுக்காட்டுக் குறிதான். 10 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் 10 கிராமை 100 மி.லி. நீரில் போடுவது என்று பொருள் இல்லை. 10 கிராமைக் குறைந்த நீரில் கரைத்து, பிறகு மொத்தம் 100 மி.லி. வரும்வரை நீர் சேர்ப்பது என்றே பொருள். நீர்த்த கரைசலில் இந்த வேறுபாடு சிறியது, அடர்ந்த கரைசலில் பெரியது. கரைக்கும்போது பெரும் வெப்பம் வரும். அதனால் துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் போட வேண்டும்.

ஃபார்மலினில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. கடையில் வரும் ஃபார்மலின் என்பதே ஃபார்மால்டிஹைடு வாயு சுமார் 37 முதல் 40 விழுக்காடு கரைந்த நீர். “10 விழுக்காடு ஃபார்மலின்” என்று கேட்டால், கடைப் புட்டியிலிருந்து 1 பங்கும் நீர் 9 பங்கும் எடுத்தால் போதும். அதில் உண்மையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 விழுக்காடு. இந்த இரண்டு எண்களும் ஒரே கரைசலைக் குறிக்கின்றன என்று தெரியாதவர், 4 விழுக்காடு வேண்டும் என்று நினைத்து 10 விழுக்காட்டுக் கரைசலை மறுபடியும் நீர்க்கச் செய்வார். ஜாடியில் இருக்கும் உயிரி மாதிரி அழுகிப்போகும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஜாடிகளைத் திறந்து நிரப்பும் வேலையை ஜன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, மாணவர்கள் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். தேர்வு மேசைக்கு ஜாடி மூடியபடியே போகட்டும்.

அமிலத்துக்குச் சொல்லும் பழைய விதி எப்போதும் புதிதுதான்: தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறக்குறைய 12 நார்மல். 11 பங்கு நீரில் 1 பங்கு அமிலத்தை மெல்ல ஊற்றினால், செய்முறைக்குப் போதுமான துல்லியத்தில் 1 நார்மல் கிடைத்துவிடும்.

எந்தத் தண்ணீர்

“கரைக்கத்தானே, போர் தண்ணீர் போதாதா?” என்பது நியாயமான கேள்வி. போர்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் கரைந்திருக்கும். அதில் கார்பனேட் கலந்த கரைசலைச் செய்தால் கலங்கும், பி.எச். சோதனையில் நீரின் காரத்தன்மை குறுக்கே வரும். எனவே வாலைவடிநீர்தான் வேண்டும். வண்டி உதிரிபாகக் கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர் அதற்குக் கைக்கெட்டும் வழி. வாங்கியதும் ஒரு பி.எச். தாளை நனைத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். கேன் தண்ணீர் குடிக்க நல்லது. வாலைவடிநீருக்கு அது ஈடாகாது.

இதிலும் ஒரு நுட்பம். திறந்துவைத்த வாலைவடிநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும், அதன் பி.எச். 7-லிருந்து இறங்கி 5.6 அருகில் நிற்கும். தாளில் லேசான அமில நிறத்தைப் பார்த்த மாணவர் “6” என்று எழுதினால் அது சரியான கவனிப்பு. தூய நீர் என்றால் 7 என்று மனப்பாடமாக எழுதினால் அவர் தாளைப் பார்க்கவே இல்லை என்று பொருள். தேர்வாளர் இரண்டாவதற்கு மதிப்பெண் தந்து முதலாவதை அடித்துவிடக் கூடாது.

நீர் மாதிரிகளுக்கு உத்திரமேரூரில் பஞ்சமே இல்லை. பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற பெரிய ஏரி ஊரில் இருக்கிறது. கிணறும் குளமும் வயல் வாய்க்காலும் இருக்கின்றன. அன்று காலை எடுத்துவந்து, எங்கே எடுத்தது என்று சீட்டு ஒட்டிய நான்கு புட்டிகள், கடையில் வாங்கும் எந்த மாதிரியையும்விட நல்ல கேள்வித்தாள்.

உயிருள்ளவை காத்திருக்காது

கரைசலை ஒரே நாளில் செய்துவிடலாம். வேர் ஒரே நாளில் வளராது. வெங்காய வேர் நுனியில் செல் பிரிதலைக் காட்ட வேண்டுமானால், அடிப்பகுதி நீரைத் தொடும்படி வெங்காயத்தை நான்கைந்து நாட்களுக்கு முன்பே வைக்க வேண்டும். நுனிகளைக் காலையில் வெட்டி, 3 பங்கு ஆல்கஹாலும் 1 பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் வைத்து, பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றினால் தேர்வுவரை கெடாது. மகரந்தம் முளைப்பதைக் காட்ட அன்று மலர்ந்த நித்தியகல்யாணி வேண்டும். மகரந்தத் திரளுக்கு எருக்கம்பூ வேண்டும். அது வேலியோரத்திலேயே கிடைக்கும். இந்த விஷயத்தில் நகரப் பள்ளிகளைவிட உத்திரமேரூர்ப் பிள்ளைகள் வசதியானவர்கள்.

மகரந்தத்துக்கு வேண்டிய 10 விழுக்காடு சர்க்கரைக் கரைசலை ரேஷன் சர்க்கரையிலேயே செய்யலாம். அதோடு மிகச் சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால் போதும். அதே சர்க்கரைக் கரைசலைப் பெனடிக்ட் சோதனைக்கு “குளுக்கோஸ் மாதிரி” என்று வைத்தால் எவ்வளவு சூடாக்கினாலும் நீலம் மாறாது. சர்க்கரை என்பது சுக்ரோஸ்; அது தாமிரத்தை ஒடுக்குவதில்லை. அந்தச் சோதனைக்கு மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ்தான் வேண்டும்.

இரத்த வகை கண்டறிதலை நடத்திக் காட்டும் பள்ளிகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நீல நிறத்தில் வரும் ஏ-எதிர் சீரத்தையும் மஞ்சள் நிறத்தில் வரும் பி-எதிர் சீரத்தையும் ஆர்.எச்.க்கான டி-எதிர் சீரத்தையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாமல் அலமாரியில் கிடந்து கெட்ட சீரத்தில் எந்த இரத்தமும் திரளாது. அப்போது ஏ வகைக்காரரும் பி வகைக்காரரும் “ஓ நெகட்டிவ்” ஆகிவிடுவார்கள். மதிப்பெண்ணைவிடப் பெரிய சேதம், ஒரு பிள்ளை தன் இரத்த வகையைத் தவறாக நம்பிக்கொண்டு வெளியே போவது. வகை தெரிந்த ஒருவரின் இரத்தத்தில் சீரத்தைச் சோதிக்காமல் அதை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவரைத் தொடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதி வைத்த முறை

எல்லாப் புட்டிக்கும் பொருந்தும் ஒரு விதி: முடிவு தெரிந்த பொருளில் சோதித்துப் பார்க்காத கரைசல் தேர்வுக்குப் போகக் கூடாது. அயோடினை ஒரு சொட்டு ஸ்டார்ச்சிலும் ஒரு சொட்டு நீரிலும். பெனடிக்டைக் குளுக்கோஸிலும் நீரிலும். பையூரெட்டை நீரில் கரைத்து வடித்த முட்டை வெள்ளைக்கருவிலும் நீரிலும். இருக்க வேண்டிய இடத்தில் நிறம் வர வேண்டும். இருக்கக் கூடாத இடத்தில் வரக் கூடாது. இரண்டும் பார்த்தால்தான் சோதனை முழுமை. குழாய்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். போன அணி விட்டுப்போன செங்கல் நிறப் படிவு நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போகும். சோப்பு ஒட்டிக்கொண்ட குழாய் பி.எச். அளவைக் கூட்டிவிடும். ஒரு புட்டிக்கு ஒரு டிராப்பர் என்ற ஒழுங்கு தவறினால் காலையில் நன்றாயிருந்த கரைசல் மதியத்துக்குள் கெட்டுவிடும்.

செய்தவர் யார், சரிபார்த்தவர் யார், எந்த நாள், என்ன அளவு என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். முறையை எழுதிவைப்பதில் உத்திரமேரூருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பெயர் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளை ஒட்டி வெட்டிய கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்வதோடு நிற்கவில்லை. யார் பெயரை எழுதலாம், ஓலையைக் குடத்தில் இடுவது எப்படி, எடுப்பது யார் என்பதெல்லாம் அதில் உண்டு. விவரம் அறியாத ஒரு சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிக்க, கூடியிருந்த கோயில் நம்பிமாரும் அதைப் படிக்க வேண்டும். ஒருவர் படித்ததை மற்றவர்கள் சரிபார்க்க அங்கேயே வழி வைத்தார்கள். ஆய்வகப் பதிவேட்டிலும் வேண்டியது அதுதான்: அடுத்த ஆண்டு வேறொருவர் வந்தாலும் அப்படியே செய்யக்கூடிய அளவுக்கு முழுமையான முறை, அதோடு இரண்டாவது ஆள் ஒருவரின் கையொப்பம்.

அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். அரசுப் பள்ளிகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வக உதவியாளர் இடங்களுக்காக 2015 மே மாதம் மாநிலம் முழுவதும் எழுத்துத் தேர்வு நடந்தது. அந்தப் பணி தேவை என்று அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒருவரே பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவரை அலுவலக வேலைக்கும் வெளி வேலைக்கும் அனுப்பினால், வெங்காயத்தை நீரில் வைக்கவும் ஆளிருக்காது, அயோடினைச் சோதிக்கவும் ஆளிருக்காது. அந்த ஒரு வாரத்தை ஆய்வகத்துக்கே விட்டுவிடுவது தலைமை ஆசிரியர் கையில் இருக்கிறது. அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் தேர்வு நடுவில் ஒரு கரைசல் கைவிடலாம். அப்போது என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஆசிரியர் தயாரித்த சரிபார்ப்புக் குழாய் ஒன்று தேர்வாளர் மேசையில் இருக்கட்டும். மாணவியின் குழாயில் எதிர்பாராத நிறம் வந்தால், தேர்வாளர் அதே புட்டியிலிருந்து தம் குழாயிலும் சொட்டிப் பார்க்கட்டும். கரைசல்தான் கெட்டிருக்கிறது என்றால் புதிய கரைசல் தந்து மறுபடி செய்யச் சொல்லட்டும். அதற்கு நேரமில்லை என்றால், கண்டதைக் கண்டபடி எழுதி, ஏன் இப்படி வந்திருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்த மாணவிக்கு முழு மதிப்பெண் தரட்டும். குழாயைப் பார்க்காமல் ரெக்கார்டில் இருந்ததை எழுதியவரைவிட உயிரியல் அதிகம் தெரிந்தவர் அவர்தான். அதைத் தேர்வின் முதல் நாளிலேயே எல்லா அணிக்கும் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிள்ளைகள் நோட்டை விட்டுக் குழாயைப் பார்க்கத் தொடங்குவார்கள்.